ஒற்றைக்கொம்புக் கோடை

எங்கள் ஊரில் கோடை கிடையாது. வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது, சில நாள் இரண்டும் ஒரே மதியத்தில் வந்து துணி காயப்போட்டவர்களை ஓட வைக்கும். ஜனவரியிலும் வேர்க்கும், ஆகஸ்டிலும் வேர்க்கும். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுவார்கள், அவ்வளவுதான். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்து ஐம்பதைத் தாண்டிய எனக்கு இது தெரியும். போன வருடம் எங்கள் செயலாளர் அந்த ஜூன் லீவுக்குத்தான் ‘கோடை’ என்று பெயர் வைத்தார். வம்பு அங்கிருந்து ஆரம்பித்தது.

செயலாளர் என்றால் பெரிய அமைப்பு ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். தமிழில் கவிதை எழுதுகிற ஒரு சிறு கூட்டம் நாங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் கூடுவோம். கீழே மசாலா அரைக்கும் கடை. அவர்கள் மிளகாய் அரைக்கிற நேரத்தில் மேலே கவிதை வாசித்தால் கவிஞரும் தும்முவார், ரசிகரும் தும்முவார். வெளியூரிலிருந்து வந்த ஒரு விருந்தாளி, தன் கவிதை கேட்டு எல்லாரும் கண் கலங்கியதாக நினைத்துக்கொண்டு போனார். நாங்களும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வருடமும் மே மாதக் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜூன் லீவில் என்ன படிக்கப் போகிறோம் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு அந்த லீவே கிடையாது, வேலைக்குத்தான் போவோம். இருந்தாலும் சொல்லுவோம். பார்வையாளர்களும் கொஞ்சம் பேர் வருவார்கள், கேசரி இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூர்ந்து கேட்டால் ஒன்று புரியும். எங்கள் கூட்டத்தில் யாரும் எதையும் முதல் தடவை படிப்பதே இல்லை, எல்லாருமே மறுவாசிப்புதான். காவியத்தை மறுவாசிப்பு, ரஷ்யர்களை மறுவாசிப்பு, சங்கப் பாடலை உரையோடு மறுவாசிப்பு. அறையின் பின்பக்கம் ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. அதில் எங்கள் உறுப்பினர்கள் எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்றிரண்டு பிரதி. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட ‘இந்த ஜூனில் நம்ம அலமாரியிலிருந்து ஒன்று படிக்கப் போகிறேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த அலமாரியில் என் புத்தகமும் ஒன்று. அதில் பதினாறு பக்கம் கிடையாது.

என் முதல் தொகுப்பு அது, இந்தக் கோடை வம்புக்கு மூன்று வருடம் முன்னால் வந்தது. சென்னையில் அச்சடித்து, பெட்டிபெட்டியாகக் கப்பலில் வந்து இறங்கியது. நான் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஊரார் பெட்டியில் ஒரு எண் தப்பாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். என் பெட்டியை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. வெளியீட்டு விழா நன்றாக நடந்தது, சால்வை போட்டார்கள், எல்லாரும் வாங்கினார்கள். அடுத்த வாரம் ஒரு தோழிக்குக் கொடுப்பதற்காக ஒரு பிரதியைப் புரட்டினேன். முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்தது நாற்பத்தொன்பது. பைண்டிங்கில் ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், முழுசாக விட்டுப்போயிருந்தது. இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான். எல்லாவற்றிலும் அப்படித்தான்.

அச்சகத்துக்காரர் போனில் நூறு தடவை மன்னிப்புக் கேட்டார். விட்டுப்போன பக்கங்களை உடனே அடித்து அனுப்புகிறேன் என்றார். நான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு அப்போதே தெரியும். புத்தகம் எத்தனையோ பேர் கையில் போயிருக்கிறது. யாராவது ஒருவர் போன் செய்து, ‘உங்க புக்குல பக்கம் காணோமே’ என்று சொல்லட்டும், அதற்கப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒருவரும் சொல்லவில்லை. பாராட்டுக்குக் குறைச்சலே இல்லை. ‘ஒவ்வொரு வரியும் செதுக்கியிருக்கீங்க’ என்றார்கள். ‘ஒரே மூச்சில் படித்து முடித்தேன்’ என்று ஒருவர் முகநூலில் எழுதினார். முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்பதுக்குத் தாவியவருக்கு மூச்சு வாங்கியிருக்க வேண்டாமா? இன்னொருவர் ஒரு மேடையில், தொகுப்பின் நடுப்பகுதிதான் உச்சம் என்று பேசினார். நடுப்பகுதி என் வீட்டுக் கணினியில் இருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

என் வீட்டுக்காரர், “இது வீண் பிடிவாதம், பேசாம சொல்லிட்டுப் போ” என்றார். அவர் நான் எழுதுவதைப் படிப்பதில்லை, படித்ததாகச் சொல்வதும் இல்லை. அந்த நேர்மைக்காக அவரை மன்னித்துவிட்டேன். மற்றவர்களை மன்னிக்க முடியவில்லை. என்னை யாராவது ஒருவராவது படித்திருக்கிறாரா, இல்லை இத்தனை வருடமும் நான் சால்வைக்காகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேனா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு எந்தக் கேள்வியும் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இந்த நிலைமையில்தான் புதுச் செயலாளர் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், மெரினா பே பக்கம் ஒரு வங்கியில் நல்ல பதவி. ஆள் கெட்டவர் இல்லை. நிறையப் படித்தவர், படித்ததை மறைக்கத் தெரியாதவர். கூட்டத்துக்கு முந்தின மாதம் அவர்தான் சொன்னார்.

“ஜூன் வாசிப்புன்னா ரொம்ப லோக்கலா இருக்கு மேடம். கோடை வாசிப்புன்னு வச்சா எல்லா நாட்டுத் தமிழர்களுக்கும் புரியும்.”

“நாம லோக்கல்தானே சார்?” என்றேன்.

“அது சரி. ஆனா பார்வை குளோபலா இருக்கணுமில்ல?”

எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. போஸ்டர் செய்யும் வேலையை என்னிடம் தள்ளினார்கள்.

அலுவலகம் முடிந்து ரயிலில் நின்றுகொண்டே போனில் அடித்தேன். நான் பயன்படுத்துவது ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கிக் கொடுக்கும் செயலி. என் வயதில் இங்கே பலரும் அப்படித்தான் அடிக்கிறோம். அதில் ‘ஓ’ வர வேண்டுமென்றால் அந்த எழுத்தைப் பெரிதாக அடிக்க வேண்டும், சிறிதாக அடித்தால் ‘ஒ’ வந்துவிடும். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், தோளில் பை. சிறிதாக அடித்துவிட்டேன். ‘கோடை வாசிப்பு’ என்று வர வேண்டியது ‘கொடை வாசிப்பு’ என்று வந்தது. பின்னணிக்கு ஒரு மஞ்சள் பூ வைத்து, குழுவில் அனுப்பினேன்.

அடுத்த நிலையம் அவுட்ரம் பார்க். நான் அங்கே வண்டி மாறுவதற்குள் வாட்ஸ்அப் பற்றிக்கொண்டது.

‘கோ-வா, கொ-வா?’ என்று ஒருவர். ‘கொடைன்னா தானம் லா’ என்று இன்னொருவர். ‘யார் யாருக்கு தானம்?’ என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், காலை வணக்கத்துக்குக்கூடப் பதில் போடாதவர். அவர் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு பற்றி நீளமாக ஒரு விளக்கமே எழுதிப் போட்டார். கடைசியில் செயலாளர் எழுதினார்: ‘மேடம், ஒரு கொம்பு விட்டுப்போச்சு. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க. உடனே மாத்திடுங்க.’

மாறி ஏறிய வடகிழக்குப் பாதை ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் மேலே ஒரு சுழிதான் வித்தியாசம். அது இல்லை என்று ஒரு நிலையத்துக்குள் அத்தனை பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள். இதே கண்கள்தான் மூன்று வருடமாகப் பதினாறு பக்கம் இல்லாததைப் பார்க்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். சாதாரணமாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் மாற்றியிருப்பேன். அன்றைக்கு மாட்டேன் என்று முடிவு செய்தேன். குழுவில் எழுதினேன்: ‘மாத்த முடியாது. நம்ம ஊர்ல கோடை இல்ல. அதனால கொடையே இருக்கட்டும்.’

இறங்குவதற்குள் செயலாளரே போன் செய்துவிட்டார்.

“மேடம், விளையாட்டு போதும். பிழை பிழைதானே?”

“கோடைங்கிறதும் பிழைதான் சார். உங்க பிழை குளோபல் பிழை, என்னோடது லோக்கல் பிழை. அவ்வளவுதான்.”

“பேர் கெட்டுடும்னு சொல்றேன்.”

“கெடட்டும். அந்தப் பேரைப் பாத்தாவது யாராச்சும் வரட்டும்.”

அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. எனக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். ஒரு கொம்பு முளைத்துத்தான் இருந்தது, இன்னொன்றுதான் குறைச்சல். வேறு போஸ்டர் செய்ய அவருக்கு நேரமில்லை, மற்றவர்களுக்கு மனமில்லை. ‘கொடை வாசிப்பு’ அப்படியே ஊருக்குள் சுற்றியது.

கூட்டத்தன்று மாடி நிறைந்திருந்தது. செயலாளர் மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக, “போஸ்டர்ல ஒரு சின்ன எழுத்துப்பிழை நேர்ந்துடுச்சு, சபை மன்னிக்கணும்” என்றார். என் முறை வரும்.

வாடகைக் கார் ஓட்டும் கவிஞர் முதலில் எழுந்தார். ஒரு பழைய காவியம் முழுவதையும் உரையோடு படிக்கப் போவதாகச் சொன்னார். போன ஜூனிலும் அதற்கு முந்தின ஜூனிலும் அவர் அதையேதான் சொன்னார், முதல் காண்டத்தைத் தாண்டினாரா என்று யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண், “நான் லத்தீன் அமெரிக்கன் பொயட்ஸ் படிக்கப் போறேன், ஆனா இங்கிலீஷ்ல. தமிழ் டிரான்ஸ்லேஷன் அவ்வளவு ஆத்தென்டிக்கா இல்ல” என்றாள். தமிழாசிரியர் சங்க இலக்கியத்தில் தமக்கு மிச்சமிருக்கும் ஐயங்களைப் பற்றிப் பேசினார். செயலாளர் சொன்ன புத்தகங்களை எழுதிக்கொள்ளவே எங்களுக்குக் கை வலித்தது.

பிறகு கிளமெண்டி அக்கா. கிளமெண்டியிலிருந்து வருவதால் அந்தப் பெயர். பல வருடம் மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வருடத்துக்கு ஒரு கவிதை எழுதினால் அதிகம். எப்போதும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவார். இந்த நிகழ்ச்சியில் அவர் எழுந்து நிற்பதும் தெரியாது, உட்காருவதும் தெரியாது.

“எனக்கு கண்ணு முன்ன மாதிரி இல்ல. புதுசா ஒண்ணும் இல்ல. வீட்ல இருக்கிறதையே இன்னொரு தடவை படிப்பேன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இவரும் மறுவாசிப்புதானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“அடுத்து, நம்ம போஸ்டர் புகழ் கவிஞர்,” என்று செயலாளர் என்னை அழைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் நட்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

மைக்குக்குப் போகாமல் நேரே பின்னால் போய் அலமாரியிலிருந்து என் புத்தகத்தை எடுத்தேன். தூசியைத் தட்டினேன். அப்புறம்தான் மைக்குக்கு வந்தேன்.

“அனைவருக்கும் வணக்கம்,” என்று மேடைத் தமிழில்தான் தொடங்கினேன். அது இரண்டாம் வாக்கியத்தைத் தாண்டவில்லை. “போஸ்டர்ல ஒரு கொம்பு குறைஞ்சுது. நான் தஞ்சோங் பகார்ல அனுப்பினேன், அவுட்ரம் பார்க் வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டீங்க. ரொம்ப சந்தோஷம். இது என் புத்தகம். இங்க இருக்கிறவங்க நெறைய பேர் வாங்கியிருக்கீங்க, பாராட்டியிருக்கீங்க. இதுல பதினாறு பக்கம் இல்ல. மூணு வருஷமா இல்ல.”

புத்தகத்தைப் பிரித்து அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன். “இது முப்பத்திரண்டு. அடுத்தது நாற்பத்தொன்பது. யாராவது ஒருத்தர் சொல்வீங்கன்னு காத்திருந்தேன். இனிமே காத்திருக்க மாட்டேன்.”

கீழே மிளகாய் அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தும்மினார்கள்.

“ஜூன்ல என்ன படிக்கப் போறேன்னு கேட்டீங்க. அந்த அலமாரியைப் படிக்கப் போறேன். உங்க எல்லாரோடதையும், ஒண்ணு விடாம. நல்லா இருந்தா போன் பண்ணிச் சொல்வேன். இல்லேன்னாலும் போன் பண்ணிச் சொல்வேன். நாமளே நம்மளப் படிக்கலேன்னா வேற யாரு படிப்பா? கொடைன்னு சும்மா தப்பா அடிச்சதுதான். ஆனா எனக்கு இப்ப அதுதான் வேணும். நான் உங்களைப் படிக்கிறேன், நீங்க என்னைப் படிங்க. அவ்வளவுதான் கேக்கிறேன்.”

செயலாளர் எழுந்து, “உங்க புக் என் லிஸ்ட்ல இருக்கு மேடம், நிச்சயமா இருக்கு,” என்றார். பாவமாகத்தான் இருந்தது. முகநூலில் ‘ஒரே மூச்சு’ எழுதியவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மின்விசிறிக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்ப அந்த லிஃப்ட் கவிதை? அது முழுசாத்தானே இருக்கு?”

கிளமெண்டி அக்கா.

“எந்த லிஃப்ட் கவிதை அக்கா?”

அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பார்க்காமலே சொன்னார்.

லிஃப்ட் கெட்டுப்போன நாளில்
அரிசி மூட்டையைத் தலையில் வைத்து
அம்மா ஏறினாள்.
ஒவ்வொரு மாடியிலும்
ஒரு கதவு திறந்து
தண்ணீர் கொடுத்தது.
பேர் கேட்கவில்லை.
ஊர் கேட்கவில்லை.
குடித்து முடிக்கும்வரை
திறந்தே நின்றது.

யாரோ மெதுவாக, “ஆஹா” என்றார்கள். இந்த ஆஹா பழைய ஆஹாக்களைப் போல் இல்லை.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. அப்படி ஒரு கவிதையை நான் எழுதவே இல்லை. முதல் ஐந்து வரி முப்பத்திரண்டாம் பக்கத்தின் அடியில் இருப்பது, என் அம்மாவைப் பற்றிய கவிதை. ‘தண்ணீர் கொடுத்தது’ என்பது நாற்பத்தொன்பதாம் பக்கத்தின் தலையில் இருப்பது. அது கடற்கரைப் பூங்காவில் இருக்கும் ஒரு குடிநீர்க் குழாயைப் பற்றிய கவிதையின் பின்பாதி. நடுவில் பதினாறு பக்கம் போனதில் ஒரு கதவும் ஒரு குழாயும் ஒட்டிக்கொண்டன. அக்கா அதை ஒரே கவிதையாகப் படித்திருக்கிறார். மனப்பாடமும் செய்திருக்கிறார்.

“பக்க எண்ணைப் பாக்கலியா அக்கா?” என்று கேட்டேன்.

“பக்க எண்ணைப் பாத்துப் படிக்க அது என்ன பஸ் நம்பரா?”

மாடியே சிரித்தது. எல்லாருக்கும் தப்பித்தோம் என்ற நிம்மதி. எனக்கு நிம்மதி வரவில்லை. மூன்று வருடம் காத்திருந்தேன், ஒருவர் கிடைத்தார், அவருக்குப் பிடித்தது நான் எழுதாத கவிதை. மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“அது என் கவிதை இல்ல அக்கா. என் கவிதை இதுதான்,” என்று சொல்லிவிட்டு, காணாமல் போன மீதியைச் சொன்னேன்.

ஒவ்வொரு மாடியிலும்
ஒரு கதவு திறந்து
பார்த்துவிட்டு மூடியது.
மூடும் சத்தத்தை எண்ணித்தான்
எந்த மாடி என்று
அவள் தெரிந்துகொண்டாள்.

யாரும் ஆஹா சொல்லவில்லை. அக்கா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கூட்டம் முடிந்ததும் அவர்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தேக்கா மார்க்கெட்டில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு தே ஓ, பால் விடாத தேநீர்.

“உன் கவிதைன்னு நெனச்சு மூணு வருஷமா படிச்சிருக்கேன். எங்க பிளாக்ல லிஃப்ட் கெட்டுப்போனா அதைச் சொல்லிக்கிட்டேதான் ஏறுவேன்.”

“கதவு தண்ணி கொடுக்காது அக்கா. உங்களுக்கு சந்தேகமே வரலியா?”

“ஏன் வரணும்? எனக்கு கொடுத்துச்சே. பெரியவன் வயித்துல இருக்கும்போது, லிஃப்ட் வேலை செய்யல, டியூட்டி முடிஞ்சு ஏறிக்கிட்டிருக்கேன். அஞ்சாவது மாடியில ஒரு மலாய் மக்சிக், வயசானவங்க, என்னை முன்னப் பின்னத் தெரியாது, ஸ்டூல் போட்டு உக்கார வச்சு தண்ணி கொடுத்தாங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் கதவைச் சாத்தல. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உன் புக்குல பாத்ததும் எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு லா.”

நான் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

“எங்க அம்மாவுக்கு யாரும் கொடுக்கல அக்கா. பாத்துட்டு மூடிட்டாங்க. நான் பின்னாடியே எண்ணெய் டின்னைத் தூக்கிக்கிட்டு ஏறினேன், எனக்குத் தெரியும். அதை நான் இனிப்பா மாத்த மாட்டேன்.”

“மாத்துன்னு நான் சொன்னேனா?” என்றார் அக்கா. “பக்கத்தைக் கொண்டா, படிச்சுப் பாக்கிறேன்.”

ஜூனில் நான் சொன்னதைச் செய்தேன். அலமாரியை வரிசையாகப் படித்தேன், எழுதியவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் பயந்துபோய் எடுக்கவே இல்லை. வாடகைக் கார் கவிஞரின் பழைய தொகுப்பில் ஒரு கவிதை என்னை இரண்டு நாள் வேலை செய்ய விடவில்லை. அதை அவரிடம் சொன்னபோது, காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுவதாகச் சொன்னார், அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. செயலாளரும் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார்.

“மேடம், உங்க புத்தகம் முடிச்சுட்டேன். அம்பத்தேழாம் பக்கத்துல ஒரு ஒற்று மிகணும்.”

“வேற?”

“அந்த பஸ் ஸ்டாப் கவிதையை என் மனைவிக்கு வாசிச்சுக் காட்டினேன்,” என்றார். ஒற்றைத் திருத்துகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

இனி அனுப்பலாம் என்று நான் சொன்னதும், அச்சகத்திலிருந்து பதினாறு பக்கங்களும் வந்து சேர்ந்தன. கையிலிருந்த பிரதிகளில் எல்லாம் அவற்றைச் செருகினேன். அலமாரிப் பிரதியிலும் செருகினேன். அக்காவுக்கு உரியதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு கிளமெண்டிக்கே கொண்டுபோனேன். அவர் பிளாக்கின் கீழே கல்மேசையில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி, பதினாறு பக்கத்தையும் படித்தார். அம்மா கவிதைக்குத் திரும்பப் போய் இன்னொரு தடவை படித்தார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சால்வை போட்ட அன்றைக்குக்கூட எதையும் அப்படிப் பார்க்கவில்லை.

“இது நெஜமான கவிதை,” என்றார். “உங்க அம்மா பாவம். எனக்கு வலிக்குது.”

பிறகு தாள்களைச் சேர்த்து, உறைக்குள் போட்டு, என் பக்கம் தள்ளினார்.

“ஆனா இதை என் புக்குல ஒட்ட மாட்டேன்.”

“ஏன் அக்கா? இதுதானே சரியான புத்தகம்?”

“உன் கதவு மூடட்டும். அது உன் உரிமை. என் புக்குல அது திறந்துதான் இருக்கும்.”

நான் விடவில்லை. எழுதியவள் நான் என்றேன். படித்தவள் நான் என்றார். குழாய்க் கவிதையின் முன்பாதி அநியாயமாகப் போகிறதே என்றேன். குழாய்க்கு என்ன, அது யாருக்கும் தண்ணி கொடுக்கும் என்றார். பக்கத்து மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த சீனக் கிழவர்கள் இரண்டு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். என்னுடைய பத்து வரிக்காக ஒருவர் முகம் சிவக்க என்னோடு சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எழுந்து போக மட்டும் மனசே வரவில்லை.

பதினாறு பக்கம் காணோம் என்று ஒருவர் வந்து சொல்வதற்காக மூன்று வருடம் காத்திருந்தேன். வந்தவர், ஒன்றும் காணாமல் போகவில்லை என்கிறார். உறை இன்னும் என் பையில்தான் இருக்கிறது.